எதுவரைக்கும், கர்த்தாவே?

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துக்க வீட்டில் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். ஏழு வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தாய் ஒருவர், அவன் பள்ளிக்குப் போட்டுச்சென்ற செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். நான் வேதாகமத்தைத் திறந்து, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் 8:28ஐ வாசித்தேன். அவர் நிமிரவில்லை. செருப்பின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தார். வசனம் சத்தியம்தான். ஆனால் அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னே, ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியிருப்பதை நான் தாண்டிப் போயிருந்தேன்.

பாடுகளின் காலத்தில் தேவனை நம்புவது என்றால் அழாமலும் கேள்வி கேட்காமலும் இருப்பதுதான் என்ற எண்ணம் நம் சபைகளில் ஊறிக் கிடக்கிறது. அதிகம் அழுகிறவருக்கு விசுவாசம் போதாது என்று காதோடு காதாகப் பேசவும் செய்கிறோம். வேதம் அப்படிச் சொல்லவில்லை.

பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபை எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற முதலாம் அதிகாரத்து யோபை நாம் கல்லறைத் தோட்டத்தில் மனப்பாடமாகச் சொல்கிறோம். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிற யோபை வாசிக்கத் தயங்குகிறோம். அவனுடைய நண்பர்களான எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் அதுவே மேலானது என்பேன். வாய் திறந்ததும், தேவனுடைய நீதிக்காக வழக்காடுவதாக எண்ணிக்கொண்டு, நொந்து கிடந்தவனைக் குற்றவாளியாக்கினார்கள். கவனித்துப் பாருங்கள்: அந்த மூவரும் தேவனைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, ஓரிடத்திலாவது தேவனை நோக்கிப் பேசவில்லை. யோபோ பேச்சின் நடுவிலேயே அவர்களை விட்டுத் தேவனிடம் திரும்பி முறையிடுகிறான். "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்று சொன்ன அதே மூச்சில், அவருக்கு முன்பாகத் தன் வழக்கை எடுத்துவைப்பேன் என்றும் சொல்கிறான். முடிவில் கர்த்தர் எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்றார்.

நம் திருநெல்வேலிச் சீமையில் இதை உடம்பால் அறிந்தவர் ஒருவர் இருந்தார். டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் மாலை மங்கிய நேரத்தில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தார். அப்போது அவருக்கு வயது 63. அதன்பின் 1951 ஜனவரி 18இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலும் அறையிலுமே கழிந்தன. சுகமுள்ளவர்கள் நோயாளிகளுக்காக எழுதிய ஆறுதல் பிரசுரங்கள் பல தம்மைத் தொடவில்லை என்பதை அவர் ஒளிக்காமல் எழுதினார். பிறகு, நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூலை அந்தப் படுக்கையிலிருந்து எழுதினார். வலி இல்லையென்று அவர் சொல்லவில்லை. வலியோடேயே ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் 22ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளையே எடுத்து, "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கூப்பிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதும் "என் தேவனே, என் தேவனே" என்றுதான் அழைத்தார்.

அந்தத் தாயின் வீட்டுக்கு மறுவாரம் போனேன். எதையும் வாசிக்காமல் அருகே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "ஐயா, ஆண்டவர்மேல் கோபப்பட்டால் பாவமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் 13ஆம் சங்கீதத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். "எதுவரைக்கும்" என்ற சொல் முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை வருகிறது. அவருடைய விரல் நான்கு இடத்திலும் நின்று நின்று நகர்ந்தது. பின்பு முதல் வசனத்துக்குத் திரும்பிப்போய், இந்த முறை சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.