டர்ஹமில் குரங்கு நடந்தது, கியோட்டோவில் ரோபோ காலெடுத்து வைத்தது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2008 ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹம் நகரத்து டியூக் பல்கலைக்கழகத்தில், இடோயா என்ற ரீசஸ் குரங்கு டிரெட்மில்லில் இரண்டு காலால் நடந்தது. எடை ஐந்தரைக் கிலோவுக்குள்தான். அதே நேரத்தில் ஜப்பானின் கியோட்டோவில் 90 கிலோவைத் தாண்டிய மனித உருவ ரோபோ ஒன்று அந்த நடைக்கு ஏற்பக் கால்களை வீசியது. அதன் கால்களை இயக்கியது இடோயாவின் மூளைத் துடிப்பு. டர்ஹம் பக்கம் நரம்பியலாளர் மிகேல் நிகோலேலிஸின் குழு. கியோட்டோ பக்கம் ஏ.டி.ஆர். ஆய்வகத்தில் மிட்சுவோ கவாட்டோ, கார்டன் செங் ஆகியோரின் குழு. மூளை ஒரு கண்டத்தில், கால் இன்னொரு கண்டத்தில்!

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மூளையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் இன்று இரண்டு ஆய்வகங்களும் ஒட்டும் இடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நரம்பியலும் ரோபோவியலும் கைகோக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் படுப்பது அந்த ஒட்டில்தான்.

முதலில் மூளைப் பக்கம். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை, காலுக்குரிய இயக்கப் பகுதியிலும் தொடு உணர்வுப் பகுதியிலும் இறக்கியிருந்தார்கள். 250 முதல் 300 நியூரான்களின், அதாவது நரம்பு செல்களின், துடிப்பு கேட்டது. ஒரு நியூரான் சுடும் துடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. அதைப் பிடிக்க ஒவ்வொரு கம்பியையும் நொடிக்கு 30,000 தடவை அளப்பது இத்துறை வழக்கம். கணக்குப் போடுங்கள்: 128 கம்பி, அளவுக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 7.7 மெகாபைட். இதை அப்படியே கடல் தாண்டி அனுப்ப வேண்டியதில்லை. துடிப்புகளைப் பிரித்து, 100 மில்லிநொடிக்கு ஒரு கட்டமாக எண்ணி, கடைசி ஒரு நொடியின் பத்துக் கட்டங்களுக்கும் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று ஓர் எடை கொடுத்துக் கூட்டினால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எங்கே இருக்கும் என்று வந்துவிடும். கம்பியில் பாயும் வெள்ளம், அனுப்பும்போது நொடிக்குச் சில பத்து எண்களாகச் சுருங்கிவிடுகிறது. எனவே கணிப்பைக் குரங்கு இருக்கும் இடத்திலேயே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த எடைகளைக் கண்டுபிடிக்க, காலின் உண்மையான அசைவு தெரிய வேண்டும். இடோயாவின் மூட்டுகளில் ஒளிரும் மேக்கப் பூசிக் கேமராவில் பிடித்தார்கள். கேமராவுக்கு ஒரு கடிகாரம், நரம்புப் பதிவுக் கருவிக்கு இன்னொரு கடிகாரம் என்று இருந்தால் வருவதுதான் வில்லங்கம். கணினியின் சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி. நம் கட்டமே 100 மில்லிநொடிதானே! பதிவு முடியும்போது துடிப்பும் கால் படமும் முக்கால் கட்டம் விலகியிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, கணிப்பு மட்டும் மெல்ல மெல்ல மோசமாகும். மூளையைக் குறை சொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் தேடுவார்கள்.

இதற்கு மருந்து மலிவானது. கேமராவின் பார்வை மூலையில் சின்ன எல்.இ.டி. ஒன்றை ஒட்டுங்கள். அதை எரிய வைக்கும் அதே மின்துடிப்பை நரம்புப் பதிவுக் கருவியின் உள்ளீட்டுக்கும் கொடுங்கள். சீரான இடைவெளி வேண்டாம். ஒழுங்கற்ற இடைவெளியில் மின்னட்டும். அப்போதுதான் எந்த மின்னல் எந்தத் துடிப்புக்கு என்று குழப்பமில்லாமல் பொருத்தலாம். சில ரூபாய் பெறும் விளக்கு, பல மாத உழைப்பைக் காப்பாற்றும்.

நாடு தாண்டும்போது நேரத்தைச் சர்வதேச நேரத்தில் மட்டும் எழுத வேண்டும். ஜனவரியில் கியோட்டோ டர்ஹமைவிட 14 மணி நேரம் முன்னே இருக்கும். மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தைத் தள்ளி வைக்கும், ஜப்பான் வைக்காது, வித்தியாசம் 13 ஆகிவிடும். உள்ளூர் நேரத்தில் கோப்புக்குப் பெயர் வைத்தவர்கள் அன்று மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது தூரம். இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 11,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே போக 56 மில்லிநொடி, வர 56. கேபிள் வளைந்து நெளிந்து போவதால் உண்மையில் இன்னும் கூடும். இந்தத் தாமதம் நிலையாக இருந்தால் சமாளிக்கலாம். அது துள்ளுவதுதான் ஆபத்து. இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாகப் போகும். தொலைந்த பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கும் டி.சி.பி. முறையில், ஒன்று தொலைந்தால் பின்னால் வந்ததெல்லாம் வரிசையில் காத்து நிற்கும். நடக்கிற காலுக்கு அரை நொடிக்கு முந்தைய கட்டளை எதற்கு? ஆகவே தொலைந்ததைத் திரும்பக் கேட்காத யு.டி.பி. முறையில் வரிசை எண்ணும் நேரமுத்திரையும் போட்டு அனுப்பிவிட்டு, பிந்தி வந்ததை வீசிவிடுவது நல்லது.

மூளையிலிருந்து ஒவ்வொரு மூட்டுக்கும் நொடிக்குப் பத்து எண் வரும். ரோபோவின் மூட்டுகளோ நொடிக்கு ஆயிரம் தடவை கட்டளை எதிர்பார்க்கும் வகை. இடைவெளியை வழவழப்பான வளைகோட்டால் நிரப்ப வேண்டும். படிக்கட்டுபோலத் தாவித் தாவிக் கொடுத்தால், திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கால் வெட்டி இழுக்கும். பாக்கெட் வராமல் 300 மில்லிநொடி போனால் கடைசி நிலையில் உறைந்து, பிறகு பாதுகாப்பான நிலைக்கு மெதுவாகத் திரும்ப வேண்டும். நிறுத்தும் பொத்தான் ரோபோவின் பக்கத்தில் நிற்பவரிடம் மட்டுமே இருக்கட்டும். கடலுக்கு அப்பாலிருந்து யாரும் அதற்கு மேல் உத்தரவிடக் கூடாது. இதை முதல் நாளே எழுத்தில் வைத்துவிடுங்கள். அதே தாளில் கோணம் ரேடியனிலா டிகிரியிலா, முழங்கால் மடங்குவது கூட்டலா கழித்தலா என்பதும் இருக்கட்டும்.

உடலும் ஒத்துவராது. 80 சென்டிமீட்டர் உயரக் குரங்கு முழங்காலை மடக்கியே நடக்கும். ரோபோ ஒன்றரை மீட்டருக்கு மேல். பாதம் எங்கே என்ற இடக்குறியை அனுப்பினால் பயனில்லை. மூட்டுக் கோணத்தை அனுப்பி, ரோபோவின் வரம்புக்குள் பொருத்த வேண்டும். சமநிலை அந்த எண்களில் கிடையாது. அது ரோபோ பக்கத்தின் பொறுப்பு.

இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரே வேகத்தில் நடக்க வைத்துப் பழக்கினால், துடிப்பிலிருந்து காலைக் கணிக்கும் நிரல் தாளத்தை மட்டும் கற்றுக்கொள்ளும். மூளையைக் கேட்காமலே 'இப்போது இடது, இப்போது வலது' என்று சரியாகச் சொல்லும். வேகத்தை மாற்றி, நிறுத்தி, பின்னோக்கி நடக்கவும் வைத்த பிறகே அது மூளையைப் படிக்கிறதா என்று தெரியும். பரிசாகக் கொடுக்கும் உலர்திராட்சையை மெல்லும்போது தாடைத் தசையின் மின்சாரம் பதிவில் ஏறும். அந்தப் பகுதிகளைக் கழிக்க வேண்டும். மூளைத் திசுவில் கம்பி நகர்வதால் நேற்று கேட்ட நியூரான் இன்று கேட்காது. ஒவ்வொரு நாளும் புதிதாகப் பழக்கியாக வேண்டும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இடோயாவின் முன் திரையில் கியோட்டோ ரோபோவின் கால்கள் தெரிந்தன. ஒரு மணி நேரம் கழித்து டிரெட்மில்லை நிறுத்தினார்கள். இடோயாவின் கால் நின்றது. கண் திரையை விட்டு அகலவில்லை. மூளையின் துடிப்பு தொடர்ந்தது, கியோட்டோவில் கால்கள் மேலும் மூன்று நிமிடம் நடந்தன. கடலைக் கடந்து திரும்பி வந்த அந்தப் படம்தான் அதற்குப் பிடிமானம். என்னைக் கேட்டால், அந்தச் சோதனையின் பெரிய செய்தி இதுவே: போகிற வழிபோல வருகிற வழியும் வேண்டும்.

அதே நிகோலேலிஸின் இன்னொரு திட்டத்தில், 2014 ஜூன் 12 அன்று பிரேசிலின் சாவோ பாவுலோவில், உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்கத்தில், இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஓர் இளைஞர் இயந்திரக் கவசம் அணிந்து பந்தை உதைத்தார். தலையைத் திறக்கவில்லை, மூளையின் மின்னலைகளை வெளியிலிருந்தே பதியும் ஈ.ஈ.ஜி. தொப்பி மட்டும் மண்டைமேல். கியோட்டோவிலிருந்து மியூனிக் போயிருந்த கார்டன் செங்கின் குழு செயற்கைத் தோலைக் கொடுத்தது. பாதம் தரையைத் தொடுவதைத் தோலின் உணரிகள் கண்டுகொள்ளும். உணர்வில்லாத காலுக்குப் பதிலாக முன்கையில் சின்ன அதிர்வுகள் ஓடும். இடோயா திரையில் பார்த்த படத்துக்குப் பதில் இங்கே தோலுணர்வு. 2016இல் வெளியான ஆய்வறிக்கையில், இந்த வகைப் பயிற்சியை ஓராண்டு பெற்ற எட்டுப் பேரில் நான்கு பேர் 'முழு முடக்கம்' என்ற வகையிலிருந்து 'பகுதி முடக்கம்' என்ற வகைக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அவர்கள் தண்டுவடம் அடிபட்டுக் குறைந்தது மூன்று ஆண்டு ஆனவர்கள்.