சிவப்பு ஸ்வெட்டர் பச்சையான கதை

வணக்கம் மக்களே. கோத்தகிரியில் காலையிலிருந்தே மூடுபனி. எதிர்வீடு கூடத் தெரியவில்லை, வெளியே போய் வீடியோ எடுப்பது நடக்காது. சரி, ரொம்ப நாளாக நான் எழுதிக்கொண்டிருக்கிற கேமைக் காட்டுகிறேன்.

பிரவுசரிலேயே ஓடும், இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். ஒரு பையன் தேயிலைச் செடிகள் மேல் தாவித் தாவிக் கொழுந்து மூட்டைகளை எடுக்க வேண்டும். காட்டுமாடு முட்டினால் ஒரு உயிர் காலி. கொழுந்து பறித்துப் பறித்துச் செடியின் மேல்பக்கம் மேஜை மாதிரி ஆகிவிடும் இல்லையா, பிளாட்பார்ம் கேமுக்கு வேறென்ன வேண்டும்? நிஜத்தில் ஏறினால் பாட்டி தோலை உரித்துவிடுவார், அது வேறு.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். பையனின் ஸ்வெட்டர் சிவப்பு. செடியை ஒட்டி நகர்த்துகிறேன்... பார்த்தீர்களா, கை பச்சையாகிவிட்டது. இன்னும் ஒரு எட்டு வைத்தால் பாதி உடம்பும் பச்சை. இது பிழை இல்லை, நானே வைத்தது.

1982-ல் பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்று ஒரு கம்ப்யூட்டர் வந்தது. டிவியில் மாட்டி, கேசட்டைப் போட்டுக் கேமை ஏற்ற வேண்டும். அதன் திரை 256-க்கு 192 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுத்தால் 24 கேபி போய்விடும். பெரிய மாடலிலேயே மெமரி மொத்தம் 48 கேபிதான்! அதனால் திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு இரண்டே நிறம் என்று வைத்துவிட்டார்கள். 768 கட்டம். படம், நிறம் எல்லாம் சேர்த்து 6,912 பைட்டில் முடிந்தது. பின்னணிக்கு ஒரு நிறம் போனால் மிச்சம் ஒன்றுதான். அதனால் பையனும் செடியும் ஒரே கட்டத்தில் நின்றால் யாராவது ஒருவர் நிறத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

இன்றைய பிரவுசருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நான்தான் உட்கார்ந்து 768 கட்டத்தையும் சோதித்து, மூன்றாவது நிறத்தைத் துரத்தும்படி எழுதினேன். வெள்ளை வேட்டியில் நாமே கறை வைப்பது மாதிரிதான். ஆனால் கறை இல்லாத முதல் வடிவம் சப்பென்று இருந்தது. கறை வந்த பிறகுதான் செடியின் உயரம், பாதையின் கறுப்பு எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடக்க மூளையைக் கசக்கினேன்.

அப்படியும் மூன்றாவது லெவல் மட்டும் ஒரே அலங்கோலம். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன், விடை அங்கேயே நின்றது. மூடுபனி! கறுப்பில் வெள்ளை, இரண்டே நிறம், எங்கேயும் சண்டை இல்லை. அந்தக் காலத்தில் பல கேம்கள் ஆடும் இடத்தை ஒரே நிறத்தில் விட்டதும் இதற்காகத்தான்.

அப்புறம், மச்சான் போனில் பையன் பேய் பிடித்த மாதிரி ஓடினான். அந்தத் திரை நொடிக்கு 120 முறை மாறும், நான் 60-க்குக் கணக்குப் போட்டிருந்தேன். சரிசெய்துவிட்டேன்.

எகிறிய பிறகு அந்தரத்தில் திரும்ப முடியாது. 1983-ல் ஸ்பெக்ட்ரமுக்கு வந்த மானிக் மைனர் என்ற கேமிலும் அப்படித்தான். வீட்டில் எல்லோரும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்ற மாட்டேன்.

இதோ காட்டுமாடு வருகிறது, இப்போது தாவ வேண்டும்... ஐயோ, ஸ்பேஸ் பார் அமுங்கவில்லை. காலையில் டீயோடு வர்க்கி தின்றேன், அந்தத் தூள் உள்ளே போயிருக்கிறது. போச்சு, முட்டிவிட்டது. இருங்கள், கீயைக் கழற்றித் தட்டிவிட்டு வருகிறேன்.