தலையில் உட்கார வேண்டிய கவசம்

அவையிலுள்ள பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், தங்கள் விடுமுறை நாட்களை இந்தப் பணிக்கே தந்துவரும் தொண்டர்களுக்கும் என் வணக்கம்.

குழந்தைகளுக்கு நேரும் காயங்களைத் தடுப்பதில் அறக்கட்டளைகளும் ஊர்ச் சங்கங்களும் என்ன செய்ய முடியும் என்று பேசுமாறு கேட்டுக்கொண்டார்கள். தீக்காயம், நீரில் மூழ்குதல், நஞ்சு, வீழ்ச்சி என எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட, தலைக்கவசம் என்ற ஒரே பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே பேச விரும்புகிறேன். பல ஆண்டுகள் இதில் உழன்றபின் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: தலைக்கவசத்தை வாங்கிக் கொடுப்பது நம் வேலையில் எளிதான பாதி, அது நாள்தோறும் அந்தக் குழந்தையின் தலையில் சரியாக உட்காரும்படி பார்த்துக்கொள்வது கடினமான மறுபாதி. எளிதான பாதியைச் செய்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

குழந்தை விழுந்து அடிபட்டால் ‘கெட்ட நேரம்’ என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2008 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, தற்செயலான காயங்களால் உலகில் ஒவ்வொரு நாளும் 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழப் பாதியையாவது தடுக்க முடியும் என்றும் கூறியது. இத்தனை குழந்தைகளுக்கு ஒரே நாளில் நேரம் கெட்டுவிடுவதில்லை. முழங்காலில் பட்ட சிராய்ப்பு ஆறிவிடும்; முறிந்த கை கட்டுப்போட்டால் கூடிவிடும்; மூளைக்குப் பட்ட அடி அப்படிக் கூடுவதில்லை.

தடுக்க முடியும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று தலைக்கவசத்தைப் பற்றியதே இல்லை. 1972இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, அடுக்குமாடி வீடுகளின் சன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறப்பதைக் கண்டு, ‘குழந்தைகளால் பறக்க முடியாது’ என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. குழந்தை விழுந்த வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் நேரில் சென்று பெற்றோரிடம் பேசினார்கள்; சன்னலுக்கான கம்பித் தடுப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பிராங்க்ஸ் பகுதியில் 1973க்கும் 1975க்கும் இடையில் இவ்வகை வீழ்ச்சிகள் பாதியாகக் குறைந்தன. ‘கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரை அங்கே தனியாகப் போகவில்லை. கையில் ஒரு தடுப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டு வாசற்படி ஏறியது.

தலைக்கவசத்தின் வரலாற்றிலும் ஒரு மரணம் இருக்கிறது. 1935 மே மாதத்தில், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்ற டி. ஈ. லாரன்ஸ் (‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் படை அதிகாரி), வழியில் சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்களின் மேல் மோதாமல் விலக முயன்று தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ், அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசம் அணிந்தவர்களுக்கு நேரும் காயம் எவ்வளவு இலேசானது என்பதை 1941இல் எழுதினார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் இராணுவம் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் தன் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

இந்தக் கவசம் எப்படிக் காக்கிறது என்பது தொண்டர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிள் கவசத்தின் உட்புறத்தில் இருப்பது, பெட்டிகளில் பொருள்களைப் பொதிந்து அனுப்பும் தெர்மாகோல் வகையைச் சேர்ந்த, ஆனால் அதைவிட அடர்த்தியான நுரைப்பொருள். தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைக்கும் குறைவான நேரத்தில், மூளைக்குப் போகவேண்டிய அதிர்ச்சியின் பெரும்பகுதியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் எழும்பாது. வெளி ஓட்டில் கீறலே தெரியாவிட்டாலும், பலமாக அடிவாங்கிய கவசத்தின் வேலை முடிந்துவிட்டது. ஆகவே, பழைய கவசங்களை நன்கொடையாகத் தர முன்வருபவர்களிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அது எத்தனை முறை கீழே விழுந்தது என்பது கொடுப்பவருக்கே நினைவிருக்காது.

பலன் எவ்வளவு? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடத்தப்பட்டு 1989இல் வெளிவந்த ஆய்வு, சைக்கிள் கவசம் தலைக்காயத்தின் வாய்ப்பை 85 விழுக்காடு குறைப்பதாகச் சொன்னது. 2016இல் நாற்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்ட அளவு அதைவிட அடக்கமானது: பொதுவான தலைக்காயத்தில் 51 விழுக்காடும், கடுமையான தலைக்காயத்தில் 69 விழுக்காடும் குறைவு. பெரிய எண்ணை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. பிற்பாடு வந்த எண்ணே போதும், நாம் இந்த வேலையைச் செய்வதற்கு.

அதே சியாட்டிலில் மருத்துவர்களும் பள்ளிகளும் குடிமக்கள் அமைப்புகளும் சேர்ந்து 1986 முதல் நடத்திய இயக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். குழந்தைகள் ஏன் கவசம் அணிவதில்லை என்று அவர்கள் முதலில் கேட்டார்கள். பெற்றோருக்கு அதன் தேவை தெரியவில்லை, விலை அதிகம், குழந்தைகளுக்கே அதை அணியப் பிடிக்கவில்லை. இந்த மூன்றுக்கும் தனித்தனியாக வழி தேடி, மருத்துவர் வழியாகப் பெற்றோரிடம் பேசினார்கள், தள்ளுபடிச் சீட்டுகளால் விலையைக் குறைத்தார்கள், குழந்தைகளின் கூச்சத்தைப் போக்கவும் முயன்றார்கள். பிறகு தெருவில் நின்று தலைகளை எண்ணினார்கள். நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் அளவில் இருந்த பழக்கம், 1992 வாக்கில் நாற்பது அளவுக்கு உயர்ந்திருந்தது. எத்தனை கவசங்கள் வழங்கப்பட்டன என்பதைத் தம் வெற்றியாக அவர்கள் கருதவில்லை.

வியட்நாமின் அனுபவம் வேறொரு பாடம் தருகிறது. அங்கே 2007 டிசம்பர் 15 முதல் மோட்டார் சைக்கிளில் செல்லும் அனைவருக்கும் கவசம் கட்டாயமானது. பெரியவர்கள் மிக விரைவில் அதற்குப் பழகிக்கொண்டார்கள். ஆனால் கவசம் அணிந்த தந்தைக்கும் தாய்க்கும் நடுவே வெறுந்தலையோடு குழந்தை உட்கார்ந்து செல்லும் காட்சி பல காலம் நீடித்தது. குழந்தைக்காக அபராதம் விதிக்கத் தொடக்கத்தில் வழியில்லை. கவசத்தின் கனம் பிள்ளையின் கழுத்தைக் கெடுக்கும் என்ற அச்சமும் பெற்றோரிடம் பரவியிருந்தது. அந்த அச்சத்தைச் சட்டத்தால் போக்க முடியாது. ஆசியாவில் காயங்களைத் தடுப்பதற்காக 1999இல் தொடங்கப்பட்ட ஏஐபி அறக்கட்டளை பள்ளிகளுக்குள் சென்று, வெப்பநாட்டுக்கேற்ற இலேசான கவசங்களைக் கொடுத்ததோடு ஆசிரியர்களையும் பெற்றோரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டது. பயப்படும் தாயிடம் கவசத்தைக் கையில் கொடுத்து, அதன் கனத்தை அவரே உணரும்படி செய்வது எந்தச் சுவரொட்டியாலும் ஆகாத காரியம்.

இனி நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். முதன்முதலில் நாங்கள் கவசம் வழங்கியபோது, மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்கினோம். வழங்கும் விழா சிறப்பாக நடந்தது; வரிசையில் நின்ற பிள்ளைகளைப் படமும் எடுத்தோம். சில வாரம் கழித்து அந்தப் பள்ளி வாசலில் போய் நின்றேன். சிறு பிள்ளைகளுக்குக் கவசம் கண்ணை மறைத்துச் சரிந்தது. பெரிய பிள்ளைகளுக்கு உச்சந்தலையில் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலானவை சைக்கிள் கைப்பிடியில் தொங்கின. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பொருந்தாத ஒன்றைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அன்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை மரநிழலில் நிறுத்தி, மற்றொரு கவசத்தைப் போட்டுப் பார்த்தேன். உயர்த்திக் கட்டிய கொண்டை கவசத்தை முன்னால் தள்ளியது. முடியை அவிழ்த்துப் பிடரியில் தாழக் கட்டியதும் அது மட்டமாக உட்கார்ந்தது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி. காதின் இருபுறமும் இறங்கும் நாடாக்கள் காதுமடலுக்குக் கீழே ஒன்றுகூடுமாறு சரிசெய்தேன். தாடைக்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கிவிட்டு, “கண்ணு, பெரிதாக ஒரு கொட்டாவி விடு பார்ப்போம்” என்றேன். வாயைத் திறந்ததும் கவசம் உச்சந்தலையை இலேசாக அழுத்தியது; தலையை ஆட்டச் சொன்னேன், அது நகரவில்லை. இவ்வளவுக்கும் நான்கு நிமிடம் ஆயிற்று. முந்நூறு பிள்ளைகளுக்கு இருபது மணி நேரம். விழாவுக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது ஒன்றரை மணி நேரம்.

அதன்பின் நாங்கள் விழா வைப்பதை நிறுத்திவிட்டோம். முதலில் அளவெடுக்கிறோம், பிறகுதான் வாங்குகிறோம். பிள்ளை வளர்ந்துவிட்டாலோ கவசம் அடிபட்டுவிட்டாலோ கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறோம். மரம் ஏறும்போதும் விளையாட்டுத் திடலில் ஆடும்போதும் அதைக் கழற்றிவிட வேண்டும், நாடா கிளையிலோ கம்பியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும் என்பதையும் மறவாமல் சொல்கிறோம். மூன்று மாதம் கழித்து வாசலில் நின்று, நாடா பூட்டப்பட்ட தலைகளை மட்டும் எண்ணுகிறோம். நாடா தொங்கும் தலைகள் எங்கள் கணக்கில் வருவதில்லை. நன்கொடையாளர்களுக்கு நாங்கள் அனுப்பும் அறிக்கையில் முதல் வரியில் இருப்பது அந்த எண்தான். அது சிறிய எண்ணாக இருந்த ஆண்டுகளிலும் அதையே எழுதினோம்.

பின்வரிசை மேசையில் அளவுநாடாக்களும் மூன்று அளவுகளில் கவசங்களும் வைத்திருக்கிறோம். தொண்டர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, முதலில் ஒருவர் தலையில் மற்றவர் பொருத்திப் பழகுங்கள். நாளைக் காலை முதல் பிள்ளைகள் வருவார்கள்.