அரிசி டிரம் பக்கத்தில் ஒரு ஜெப அறை

(காட்சி: இருட்டான வீடு. செல்போன் வெளிச்சத்தில் மணி 4.50.)

அலாரம் அடிக்கிறது. கண்ணைத் திறக்காமலே கை நீண்டு அதை அணைத்துவிடுகிறது. மறுபடி விழிக்கும்போது மணி ஆறரை. அப்புறம் டிபன் பாக்ஸ், சீருடை, பள்ளி வேன், பஸ். "இன்றைக்கும் ஜெபிக்காமல் வந்துவிட்டேனே" என்று நினைவு வரும்போது பஸ் பாதி வழியைத் தாண்டியிருக்கும்.

நம்மில் நிறைய பேருக்குக் காலை இப்படித்தான் போகிறது. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை. குடும்ப ஜெபமும் எப்படியோ நடந்துவிடுகிறது. விட்டுப்போவது தனி ஜெபம்தான். ஏன் என்று கேட்டால் நேரம் இல்லை, வீட்டில் தனியாக ஒரு அறை இல்லை என்போம். நானும் பல வருஷம் இதையேதான் சொன்னேன். சரி, முதலில் அந்த அறையைப் பார்ப்போம்.

(திரையில்: மத்தேயு 6:6)

"நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்னார். படித்ததும் நம் மனதில் மேஜையும் விளக்கும் உள்ள அமைதியான ஒரு அறை வந்து நிற்கிறது. அன்றைக்கு அதைக் கேட்டவர்களில் மீன் பிடிப்பவர்களும் நிலத்தில் பாடுபடுகிறவர்களும் இருந்தார்கள். ஆளுக்கொரு அறை அவர்களுக்கு ஏது? 'அறைவீடு' என்ற இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் தமெயோன். லூக்கா 12:24-இல் காகங்களுக்குப் 'பண்டசாலையுமில்லை' என்று வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான். சாமான் சேர்த்து வைக்கும் உள்ளறை அது.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. எங்கள் வீட்டு அடுக்களையின் மூலையில் ஒரு அரிசி டிரம் இருக்கும். உலையை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் கோணிப்பையை மடித்துப் போட்டு முழங்கால்படியிடுவார். டிரம் மூடியின் மேல் வேதாகமம். அதன் கீழ் ஓரம் முழுக்க அரிசி மாவு படிந்து வெளுத்திருக்கும். அம்மாவுக்கு ஜெப அறை கிடைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டதுண்டு. இயேசு சொன்ன இடத்திலேயே அவர் இருந்திருக்கிறார்!

(காட்சி: இங்கிலாந்து, எப்வொர்த் போதகர் வீடு. பழைய ஓவியம்.)

அம்மாவைப் போல இன்னொரு தாய், சுசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய சகோதரர்கள் ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லியின் தாயார். 1669-இல் பிறந்தவர். பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். கணவர் 1705-இல் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1709-இல் வீடே எரிந்தது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தினம் ஆறு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுத்தார். இதற்கு நடுவில் அவர் எழுதிவைத்த தியானக் குறிப்புகளில் காலை, நண்பகல், மாலை என்று தலைப்புகள் இருக்கின்றன.

ஜெபிக்கும்போது ஏப்ரனைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொள்வார், அதைப் பார்த்தால் பிள்ளைகள் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் முந்தானையால் முக்காடு போடுகிறோமே, அதுபோல. வீட்டில் எல்லாருக்கும் புரிகிற ஒரு அடையாளம் இருந்தால் போதும், நடுக்கூடத்திலும் கதவைப் பூட்டிக்கொள்ளலாம்.

(காட்சி: திறந்த ஜன்னல். வெளியே நகரம்.)

அடுத்தது நேரம். தானியேல் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 120 தேசாதிபதிகள், அவர்களுக்கு மேல் 3 பிரதானிகள். அந்த மூவரில் ஒருவர் தானியேல். ராஜ்யத்தின் கணக்கெல்லாம் வந்து சேரும் உத்தியோகம் அது. முப்பது நாள் ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்று பகைவர்கள் சட்டம் வாங்கினார்கள். ஆனாலும் "முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றார். எவ்வளவு நேரம் ஜெபித்தார் என்று வேதம் சொல்லவில்லை. வேளை மட்டும் மாறவே இல்லை. பகைவர்கள் கூட்டமாக வந்து கையும் களவுமாகப் பிடிக்க முடிந்ததே அதனால்தான்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் அதே பத்து நிமிடமாக இருக்கட்டும். இரவுப் பணி செய்கிற நர்ஸுக்கு அது வீடு திரும்பிக் குளித்த பிறகு வரும் நேரமாக இருக்கலாம். அதிகாலை மட்டும்தான் ஆண்டவர் கேட்பார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேத வாசிப்பிலும் இதே கதை. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மக்செய்ன் 1842-இல் தன் சபைக்கு ஒரு அட்டவணை எழுதிக்கொடுத்தார். தினம் நான்கு அதிகாரம்: இரண்டு குடும்பத்தோடு, இரண்டு அந்தரங்கத்தில். ஒரு வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரு முறையும் முடியும். இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் இதில் உள்ள ஆபத்துகளையும் அவரே எழுதினார்: வெறும் சடங்காகிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். அடுத்த வருஷமே, 29 வயதில், அவர் இறந்துபோனார்.

கைக்குழந்தை வைத்திருக்கிற தாய் நான்கு அதிகாரத்தோடு போராட வேண்டாம். ஒரு சங்கீதம் போதும். 117-ஆம் சங்கீதம் இரண்டே வசனம்தான். ஜனவரியில் உற்சாகமாக ஆரம்பித்து மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோன குற்ற உணர்வோடு இருக்கிறவர்களும் அந்தச் சங்கீதத்திலிருந்தே தொடங்கலாம்.

(காட்சி: மேஜை மேல் மூடிய வேதாகமம்.)

இன்று இரவு செல்போனை அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். அலாரம் அங்கேயே அடிக்கட்டும், எழுந்து போய்த்தான் அணைக்க வேண்டும். நாளைக்குப் படிக்கப்போகும் பக்கத்தில் நாடாவை வைத்து, வேதாகமத்தை அடுப்படியிலோ ஜன்னலோரத்திலோ, நீங்கள் உட்காரப்போகும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். "அம்மா முக்காடு போட்டிருந்தால் பத்து நிமிஷம் கூப்பிடக் கூடாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.