நடந்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் நடப்பவர்கள் நடை முடிந்ததும் கையைத் தூக்கி வாட்சைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். 300 கலோரி என்று அது காட்டும். "அப்போ ரெண்டு வடை சாப்பிடலாம்தானே மேடம்?" உணவு ஆலோசகரான என்னிடம் எடை குறைக்க வருபவர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். வடை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கணக்குதான் உதைக்கிறது.

70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். சரி. ஆனால் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 70 கலோரி போயிருக்கும். மூச்சுவிடவும் இதயம் துடிக்கவும் ஆகும் செலவு அது. ஆக, நடந்ததால் கூடுதலாகப் போனது 180 கலோரிதான். உளுந்து வடை ஒன்றே, அளவைப் பொறுத்து, 100 முதல் 150 கலோரி வரை வரும். இரண்டு சாப்பிட்டால் நடந்ததற்கு மேலேயே உள்ளே போய்விடுகிறது. காபியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அந்த 300 என்ற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கைக்கருவிகளை மாட்டிப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பை அவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே கணித்தன. கலோரியில்தான் கோட்டைவிட்டன. இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறாகச் சொன்னது. மோசமானது 93 சதவீதம்.

அப்புறம், பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மொபைலில் டயட் ஆப் போட்டதும், நீங்கள் எவ்வளவு உடலுழைப்பு உள்ளவர் என்று அது கேட்கும். "தினமும் உடற்பயிற்சி செய்பவர்" என்று நீங்கள் அழுத்தியிருந்தால், நடைக்கான கலோரியை அது முதலிலேயே உங்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டது. வாட்ச் சொல்வதை அதன்மேல் மறுபடி கூட்டினால் ஒரே நடைக்கு இரண்டு முறை சாப்பிடுகிறீர்கள். "உட்கார்ந்த வேலை" என்று அழுத்தியிருந்தால் மட்டுமே கூட்டுவதில் நியாயம் உண்டு. அப்போதும் பாதிக்கு மேல் வேண்டாம் என்பேன்.

நாம் நிறைய உழைத்தால், உடலும் தன் பங்குக்கு வேறு இடத்தில் சிக்கனம் பிடிக்கும். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் ஆராய்ந்தார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அவர்களின் ஒருநாள் கலோரிச் செலவு மேலை நாட்டு நகரவாசிகளின் செலவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்று 2012இல் எழுதினார்கள். நம்மிலும் எத்தனை பேர், காலையில் நடந்தாயிற்று என்று மாடிக்கு லிஃப்டில் போகிறோம்!

ஆனால் எல்லோருக்கும் "சாப்பிடாதே" என்று சொல்ல மாட்டேன். மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் 60 கிலோ பெண் ஒருவர் 20 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 1,200 கலோரி காலி. அவர் கட்டாயம் ஈடுகட்டிச் சாப்பிட வேண்டும். எடை குறைகிறதே என்று வயிற்றைக் காயப்போட்டால் மாதவிலக்கு நின்றுபோகலாம், எலும்பில் விரிசல் விழலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014இல் இதுபற்றித் தனி அறிக்கை வெளியிட்டது.

இன்சுலின் போடுபவர்கள், சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கதை வேறு. நடக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம்; கலோரிக் கணக்கே பார்க்கக் கூடாது. உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடுங்கள். நடைக்கு முன் என்ன சாப்பிடலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள், நடந்துவிட்டு வந்து நிஜமாகவே பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டலோ, அவித்த முட்டையோ, மோரோ சாப்பிடலாம். வாட்சைப் பார்க்க வேண்டாம். வாரம் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். நான்கு வாரம் பார்த்தும் முள் இறங்கவில்லை என்றால் தட்டில் கொஞ்சம் குறையுங்கள். வாரம் ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கி, அசதியும் இருந்தால் கூடுதலாக ஒரு இட்லி போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.