இல்லாத பல்கலைக்கழகத்தின் பட்டம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பட்டத்தோடு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் எந்தத் தாள்களை எப்படித் தயார் செய்வது என்று இன்று பார்ப்போம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவு இருக்கிறது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரி 1961இல் அங்கேதான், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கியது. பிள்ளைகள் படகேறிப் போய்ப் படித்தார்கள். 1972இல் அது வெஸ்ட்வில் மேட்டுக்குக் குடிபெயர்ந்து டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. 2004 ஜனவரி 1 அன்று நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் ஆயிற்று. வெஸ்ட்வில்லில் மருந்தியல் படித்த பிரவின் கோர்தன் நிதியமைச்சர் ஆனார். நேட்டாலில் சட்டம் படித்த நவி பிள்ளை ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்து, 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் பணியாற்றினார்.

பெருமை இருக்கட்டும். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பழைய மாணவர் முட்டிக்கொள்வது வேறிடத்தில். பட்டத்தில் அச்சான பல்கலைக்கழகம் இன்று அந்தப் பெயரில் இல்லை. டொரொண்டோவிலோ துபாயிலோ உள்ள எழுத்தர் கணினியில் தேடுகிறார், கிடைக்கவில்லை, விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கிறார். அதற்கு முன்பே குவாசூலு-நேட்டாலின் பதிவகத்தில் இரண்டு தாள் வாங்கிவிடுங்கள். ஒன்று டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள பட்டியல். மற்றது, பட்டம் பெற்ற ஆண்டையும், பழைய பல்கலைக்கழகம் 2004இல் இணைந்ததையும் சொல்லும் கடிதம்.

அடுத்தது உங்கள் பெயர். நம் வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. பாட்டன் கப்பலில் வந்தபோது எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். பிறப்புச் சான்றில் கோவிந்தசாமி, அடையாள அட்டையில் கோவெண்டர், பட்டத்தில் ஓர் எழுத்து குறைவு. பெண்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய பெயர் வேறு. ஹோம் அஃபேர்ஸ் என்னும் உள்துறை அலுவலகத்தில் சுருக்கச் சான்று வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், விரிவான பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் கேளுங்கள். அதோடு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு பிரமாணப் பத்திரம். பெயர்களைத் தாள்களில் உள்ளபடியே, எழுத்து பிசகாமல் அதில் எழுத வேண்டும்.

பிறகு அப்போஸ்டில், அதாவது தாளில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் சான்று. பட்டத்தின் நகலுக்கு நோட்டரி சான்று தருவார். அவர் தொழில் நடத்தும் வட்டாரத்தின் உயர் நீதிமன்றப் பதிவாளர் அதன்மேல் அப்போஸ்டில் வைப்பார். அப்போஸ்டிலை ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அது போதும். இந்தியா, பிரிட்டன், 2024 முதல் கனடா எல்லாம் அதில் உண்டு. ஐக்கிய அமீரகம் இல்லை. அங்கே போகிறவர்கள் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறை முத்திரையும், பின்னர் தூதரக முத்திரையும் வாங்கியாக வேண்டும். எந்த நாடு என்று முடிவாகும் முன்னே அவசரப்பட்டால் பணமும் வாரங்களும் வீண்.

நோட்டரி தாள்களை ரிப்பனால் கோத்து, முடிச்சின் மேல் முத்திரை வைத்திருப்பார். நகலெடுக்க வசதியாக அதைப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்! பிரித்தால் சான்று செத்தது. கட்டியபடியே ஸ்கேன் செய்யுங்கள். மூலப் பட்டத்துக்கு லேமினேட் போடுவதும் அதே தவறுதான். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை ஏறாது.

மருத்துவர்களுக்கு, அவர்கள் பதிவு செய்துள்ள மன்றம் தரும் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். பிரிட்டனின் மருத்துவ மன்றம் மூன்று மாதத்துக்குள் வழங்கியதைத்தான் ஏற்கும். ஆகவே அதைக் கடைசியில் வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் இங்குள்ள மருத்துவர் பதிவுக் கட்டணத்தை ஆண்டுதோறும் கட்டுங்கள். விட்டால் பெயர் நீங்கும், திரும்பி வந்து இங்கே சேவை செய்ய நினைக்கும்போது முதலிலிருந்து அலைய வேண்டும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்க வரிவாசியாகவே, அதாவது வரிச் சட்டப்படி இந்நாட்டில் வசிப்பவராகவே, இருந்து அந்நிய நிறுவனத்தில் சம்பளம் வாங்கினால், 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல், அதில் தொடர்ச்சியாக 60 நாளுக்கு மேல் வெளியே வேலை செய்தால், 12.5 லட்சம் ராண்ட் வரை விலக்கு உண்டு. கணக்கு நாட்களின் எண்ணிக்கையை வைத்துத்தான். கடவுச்சீட்டில் விழுந்த ஒவ்வொரு முத்திரையையும் படமெடுத்து வையுங்கள். பழைய கடவுச்சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

வணக்கம்.