உப்புக்காற்றும் வாரண்டித் தாளும்

நேயர்களுக்கு வணக்கம். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கமெல்லாம் இப்போது பழைய ஸ்போர்ட்ஸ் கார் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் படுகிறது. வளைகுடாவில் இருந்து ஊர் திரும்பியவர்களும் சென்னையில் சம்பாதிக்கிற பையன்களும், பெங்களூரிலோ கொச்சியிலோ எட்டுப் பத்து வருஷம் ஓடிய வண்டியை மலிவாகப் பிடித்து வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, ஓட்டட்டும். அந்த வண்டியோடு சேர்த்துத் தலையில் கட்டுகிறார்களே ஒரு வாரண்டி, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். மோட்டார் இன்சூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும்தான். கியர்பெட்டி தானாகப் படுத்துக்கொண்டால் ஒரு பைசா வராது. இயந்திரப் பழுது, மின் பழுது, தேய்மானம் எல்லாம் சேராது என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கும். கார் கம்பெனி கொடுக்கும் நீட்டிப்பு வாரண்டியைப் பெரும்பாலும் முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கியிருக்க வேண்டும். பத்து வயது வண்டிக்கு அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. மிஞ்சுவது வெளியார் விற்கும் வாரண்டி.

அந்தத் தாளை எங்கிருந்து படிப்பது? கடைசிப் பக்கத்தில் இருந்து. எதையெல்லாம் தரமாட்டோம் என்கிற பட்டியல் அங்கேதான் பொடி எழுத்தில் கிடக்கும். அதில் 'துரு, அரிப்பு, சுற்றுச்சூழலால் வரும் கேடு' என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். கோயம்புத்தூர்க்காரர் அந்த வரியைத் தாண்டிப் போகலாம். நாம் போக முடியாது.

பாம்பனில் 2025-ல் திறந்த புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷ வர்ணப் பூச்சும் போட வேண்டியிருந்தது. நம் காற்று அப்படி. ஒரு வருஷம் மண்டபம் ஊரில் நின்ற வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றி, ஏசி கண்டென்சரை விரலால் தொட்டுப் பாருங்கள். அலுமினியத் தகடு வெள்ளை மாவாக உதிரும். இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரின் கனெக்டரைப் பிடுங்கினால் பின்னில் பச்சைக் களிம்பு. டேஷ்போர்டில் விளக்கு எரியும், கியர் மாறாது. ஒர்க்‌ஷாப்பில் 'கம்ப்யூட்டர் போச்சு' என்பார்கள். வாரண்டிக்காரர் அனுப்பும் ஆள் களிம்பைப் போட்டோ எடுத்து, 'காரணம் அரிப்பு' என்று எழுதிவிட்டுப் போவார். வாரண்டியில் சேரும் பாகங்களின் பட்டியலில் அது இருந்தும் பணம் வராது.

அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: வாரண்டிப் பட்டியலில் உள்ள பாகம், கனெக்டரில் அரிப்பு வந்து கெட்டால் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? போனில் சொல்லும் 'கொடுப்போம் சார்' எதற்கும் உதவாது. மின்னஞ்சலில் வரட்டும். பதில் வரவில்லையா, அதுவே பதில்.

இதே மாதிரி இன்னொரு பொறி உண்டு. இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று ஒத்து ஓட வைக்கிற டைமிங் பெல்ட் தேய்மானப் பாகம், வாரண்டியில் சேராது. பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து இன்ஜினே போய்விடும். இன்ஜின் வாரண்டியில் இருக்கிறது, பெல்ட் இல்லை. யார் கட்டுவது? சேராத பாகம் சேர்ந்த பாகத்தைக் கெடுத்தால் என்ன என்று தாளில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கிய கையோடு பெல்ட்டை மாற்றி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற பையன்கள் வேகத்துக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவதும் (ரீமேப்) சைலன்சர் மாற்றுவதும் வழக்கம். முந்தைய ஓனர் செய்து வைத்திருந்தாலும் கிளெய்ம் உங்களுக்குத்தான் அடிபடும். வாங்கும்போதே ஸ்கேன் போட்டுப் பாருங்கள். சர்வீஸ் பில் தொடர்ச்சியாக இல்லாத வண்டிக்கு வாரண்டி போடுவது வீண் செலவு என்பேன்.

அடுத்து, எந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்க வேண்டும் என்பது. 'எங்கள் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்' என்றால் நமக்குப் பெரும்பாலும் மதுரை. ராமேஸ்வரத்தில் இருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். வண்டியை ஏற்றிப் போக எத்தனை கிலோமீட்டர் வரை கொடுப்பார்கள்? 50 என்றால் பார்த்திபனூர்கூட வராது, மிச்சத்துக்கு வாடகை நம் கையில் இருந்து. பிரித்துப் பார்க்கிற கூலி யாருடையது என்பதையும் கேளுங்கள். அனுமதி வாங்காமல் நட்டைக்கூடத் திருகக் கூடாது என்பது பொதுவான நிபந்தனை.

பிறகு கணக்கு. ஒரு பேச்சுக்கு, வாரண்டி 50,000 ரூபாய் என்று வையுங்கள். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 59,000. ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு ஒரு லட்சம். இரட்டை கிளட்ச் கியர்பெட்டிக்கு இரண்டு லட்சம் பில் வந்தால் பாதி நீங்கள்தான். அந்த 59,000-ஐ பேங்கில் தனியாகப் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து, வண்டிக்கு அடிப்பக்கத் துருத்தடுப்புப் பூச்சும், கனெக்டர்களுக்கு மின்கிரீஸும், வாரம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடிப்பும் செய்துகொள்வதே நம் கரைக்கு நல்லது என்பது என் கட்சி. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தனுஷ்கோடி வரை போய் வந்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள். வண்டி மதுரையிலோ திருச்சியிலோ நிற்கிறது, விடுமுறைக்கு மட்டும்தான் இங்கே வரும் என்றால் கதை வேறு. டர்போ, கியர்பெட்டி, இன்ஜின் கம்ப்யூட்டர் மூன்றும் பெயர் சொல்லி எழுதப்பட்டு, உச்சவரம்பு வண்டி விலையை ஒட்டி இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஏற்கெனவே வாங்கி, நியாயமில்லாமல் மறுத்துவிட்டார்கள் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். போகும்போது மறுப்புக் கடிதத்தோடு அந்த மின்னஞ்சலின் பிரதியையும் எடுத்துப் போங்கள். வணக்கம்.